எந்திரிக்கறதைக் காட்டுங்க

குவாட்டர்பேக்கைப் பொறுக்குவதற்கு அக்கா வைத்திருந்த வழி அமெரிக்காவில் வேறு யாரிடமும் இருந்திருக்காது.

"எறியறதெல்லாம் எதுக்குங்க? அவரு விழுந்தது இருந்தாப் போடுங்க" என்பார்.

நான் போனில் தேடி எடுத்துக் காட்டுவேன். பீரோ சைஸில் ஒருத்தன் ஓடிவந்து, பந்தை எறியப் போன குவாட்டர்பேக்கைத் தரையோடு தரையாகச் சாய்ப்பான். சுற்றி நிற்கும் நாங்களெல்லாம் "ஐயோ" என்போம். அக்கா அசையமாட்டார். அவருக்கு வேண்டியது அதற்கப்புறம் வரும் நாலு செகண்ட். விழுந்தவன் எழுந்திருக்கும் நாலு செகண்ட்.

"இன்னொருக்காப் போடுங்க."

போடுவேன்.

"இவரு வேண்டாங்க. கை தரையைத் தேடுது பாருங்க."

அவ்வளவுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. கலிஃபோர்னியாவில் டப்ளின், பிளசன்டன் பக்கம் இருப்பவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். தெரியாதவர்களிடம் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

டப்ளினில் ஒரு மிடில் ஸ்கூலில் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி நடக்கும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு ஃப்ரீமான்ட் வரை திரும்பிப் போய்விட்டு மறுபடி வருவது பெட்ரோலுக்குக் கேடு. அதனால் அப்பாக்கள் ஏழு பேர் பார்க்கிங் லாட்டிலேயே ஃப்ளாஸ்க் டீயோடு நிற்போம். உள்ளே பிள்ளைகள் ழகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வெளியே நாங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடிக்கொண்டிருப்போம்.

ஆட்டம் எளிது. ஒவ்வொரு ஞாயிறும் நிஜ அமெரிக்கன் ஃபுட்பால் டீம்களிலிருந்து ஆள் பொறுக்கி நமக்கென்று ஒரு கற்பனை டீம் போட வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஆப் ஒரு விலை வைத்திருக்கும், மொத்தம் இவ்வளவுக்குள் என்று ஒரு வரம்பு இருக்கும். அவர்கள் மைதானத்தில் ஓடினால், எறிந்தால், பிடித்தால் நமக்குப் பாயிண்ட். ஒரு டீமின் டிஃபென்ஸை, அதாவது தடுப்பாட்டக்காரர்களை, மொத்தமாகவும் எடுக்கலாம், அவர்கள் எதிராளியைச் சாய்த்தால் அதற்கும் பாயிண்ட். நம் டீமில் பந்தை எறியும் குவாட்டர்பேக் ஒரே ஒருவர்தான். அவர் சொதப்பினால் எல்லாம் போச்சு. கலிஃபோர்னியாவில் காலை பத்துக்கு முதல் ஆட்டம் தொடங்கும். பத்தடித்ததும் லைன்அப் லாக். அப்புறம் ஆண்டவனே வந்து சிபாரிசு பண்ணினாலும் மாற்ற முடியாது. ஜெயித்தவனுக்கு எங்களிடம் ஒரே பரிசு: அடுத்த ஞாயிறு வரைக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவன் வைக்கும் பெயர். நாற்பத்தெட்டு வயதில் இதற்காக ஏழு பேர் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொண்டோம்.

அதில் நான் மட்டும் எக்ஸல் வைத்திருந்தேன். காற்றின் வேகம், மழை வாய்ப்பு, எதிர் டீமின் தடுப்பாட்டம், புல் தரையா செயற்கைப் புல்லா, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. ஆபீஸில் எனக்குச் சம்பளம் கொடுக்கும் வேலையில்கூட அத்தனை ஃபார்முலா போட்டதில்லை. வாராவாரம் கடைசி இடம். நடுவே ஒரு மாறுதலுக்குக் கடைசிக்கு முந்தின இடம்.

"உன் எக்ஸலை எங்க எல்லாருக்கும் ஷேர் பண்ணுடா" என்பான் சிவா, எங்கள் குரூப்பின் அட்மின். "அதுல என்ன வருதோ அதுக்கு ஆப்போசிட்டா போட்டுக்கறோம்."

அக்கா எங்களிடம் வந்து சேர்ந்ததற்கு நான் விழுந்ததுதான் காரணம். பார்க்கிங் லாட்டில் கார்ச் சக்கரத்தை நிறுத்த சிமெண்ட் கட்டை போட்டிருப்பார்கள். போனைப் பார்த்துக்கொண்டே நடந்து அதில் தடுக்கி, ஃப்ளாஸ்கோடு விழுந்தேன். எல்லோரும் ஓடிவந்தார்கள், சிவா முதலில் ஃப்ளாஸ்கைத் தூக்கினான். பக்கத்துக் காருக்கருகே நின்றிருந்த ஒரு அம்மா மட்டும் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கல்நெஞ்சம் என்று நினைத்துக்கொண்டே எழுந்து பேன்ட்டைத் தட்டினேன். அப்புறம் கிட்டே வந்தார்.

"வலது முட்டிங்க. ரொம்ப நாளா வலிக்குதுங்களா?"

"இல்லையே."

"படி இறங்கறப்ப?"

"அது... லேசா."

"லேசா இல்லீங்க. கையை ஊணித்தான எந்திரிச்சீங்க."

ஃபிசியோதெரபிஸ்ட். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, என் மகன் வகுப்பில்தான் படித்தாள். அங்கேயே, எல்லோர் முன்னாலும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். தினம் பத்துத் தடவை. "கண்டிப்பா பண்றேன் அக்கா" என்றேன். ஒரு நாள்கூடப் பண்ணவில்லை.

அவருடைய தொழில்புத்தி ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் லீவு எடுத்துக்கொள்ளாது. மௌரி அவென்யூ மளிகைக் கடையில், கீழ்த்தட்டில் இருந்து அரிசி மூட்டையைத் தூக்கி நிமிரும் மாமாவைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவார். ஆண்டு விழா மேடையில் நடனமாடிய குழந்தைகளில் ஒன்று வழுக்கி விழுந்து எழுந்து ஆடியபோது, மற்றவர்கள் உச்சுக்கொட்ட, அக்கா விசில் அடிக்காத குறை. "என்னமா எந்திரிச்சுது பாத்தீங்களா!" அவர் கணவர் சொல்வார்: "பொண்ணு பாக்கப் போனப்ப இவ என் மூஞ்சியைப் பாக்கவே இல்லைங்க. நான் சோபால இருந்து எந்திரிக்கற வரைக்கும் காத்திருந்து ஓகே சொன்னா."

ஃபுட்பால் ஆட்டத்தின் விதி ஒன்றுகூட அக்காவுக்குத் தெரியாது. வீரர்களின் பெயரும் தெரியாது. தாடித் தம்பி, வாத்தியார் தம்பி, பல்லுக்குக் கம்பி போட்ட மாதிரி சிரிக்கற தம்பி. அந்தத் தம்பிகளெல்லாம் வருஷத்துக்கு எத்தனை மில்லியன் வாங்குகிறார்கள் என்று சிவா சொன்னபோது, "அதனால என்னங்க, விழுந்தா வலிக்காதுங்களா?" என்றார். எந்தத் தம்பி எந்த வாரம் எப்படி விழுந்தார் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. எந்தத் தம்பிக்கு எந்த வாரம் ஓய்வு என்பதும்தான். சீசனில் ஒவ்வொரு டீமுக்கும் ஒரு வாரம் ஆட்டம் இருக்காது. "தாடித் தம்பிக்கு அடுத்த வாரம் லீவுங்க, நல்லதாப் போச்சு, தோள்பட்டைக்கு ரெஸ்ட்டு" என்பார், ஏதோ சொந்தத் தம்பிக்கு ஆபீஸில் லீவு கிடைத்த மாதிரி.

ஒரு தேங்க்ஸ்கிவிங் அன்று சிவா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். வாத்தியார் தம்பி நீளமாக ஒரு பந்து எறிந்தார், டச்டவுன், வீடே எழுந்து கத்தியது. அக்கா மட்டும் டிவியின் இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எறிந்த கையோடு அடிவாங்கி விழுந்திருந்த வாத்தியார் தம்பி அங்கே எழுந்துகொண்டிருந்தார்.

"இவரு அடுத்த பாதிக்கு வரமாட்டாருங்க."

"அக்கா, டச்டவுன் போட்டிருக்காரு!"

"போட்டாருங்க. இப்ப முதுகை மடக்காம எந்திரிக்கறாரு பாருங்க."

வரவில்லை. விலா எலும்பு என்றார்கள். அன்றிலிருந்து என் எக்ஸலில் ஒரு பத்தி கூடியது: அக்கா.

அந்தப் பத்தி வந்தபிறகு நான் மூன்றாம் இடம், இரண்டாம் இடம் என்று ஏறினேன். மனிதனுக்குப் போதும் என்று ஒன்று இருக்கிறதா? ஒரு ஞாயிறு அக்கா ஒரு குவாட்டர்பேக்கை வேண்டாம் என்றதும், எனக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டது.

"அப்ப, அவரு அடிவாங்கப் போறாருன்னா, அவரை அடிக்கப் போற டீமோட டிஃபென்ஸை நான் எடுத்துக்கலாம்ல அக்கா?"

அக்கா போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"வலிக்குதுன்னு தெரிஞ்சு, அதுக்கு மேல விழற அடிக்குப் பாயிண்ட் வாங்கறதுங்களா?"

"சும்மா ஜோக்குக்கு அக்கா."

"ஜோக்குன்னா சரிங்க."

அவர் அந்தப் பக்கம் போனதும் அந்த டிஃபென்ஸைத்தான் எடுத்தேன். இரண்டாம் இடம் வந்தேன். எப்படிடா என்று சிவா கேட்டதற்கு எக்ஸல் என்றேன்.

இப்போது அந்த நவம்பர் ஞாயிறு.

அந்தக் குளிர்காலத்து முதல் மழை. பார்க்கிங் லாட் முழுக்க நனைந்த இலை. மற்ற அப்பாக்கள் கட்டடத் தாழ்வாரத்துக்கு ஓடிவிட்டார்கள். நான் மட்டும் குடையோடு அக்காவுக்காக நின்றிருந்தேன். இரண்டு குவாட்டர்பேக்குகளுக்கு நடுவில் முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஜெயித்துவிடுவேன் என்று எக்ஸல் சொல்லியிருந்தது. மணி ஒன்பது ஐம்பது.

பெண்ணை வகுப்பில் விட்டுவிட்டு அக்கா வந்தார். அதே சிமெண்ட் கட்டை. இடது கால் அதைத் தாண்டவில்லை. விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன் என்று எழுத ஆசைதான். நான் தூக்கவில்லை. நான் பார்த்தேன். அவரிடம் கற்ற வித்தை, கண் தானாகவே பார்த்தது. வலது கை ஊன்றிவிட்டது. இடது கை தரையைத் தேடியது. ஒரு முறை தடவி, கிடைக்காமல், மறுபடி தடவியது. மூன்று தவணையாக எழுந்தார். நின்ற பிறகு குனிந்து தன் இடது காலை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கை தரையைத் தேடுது பாருங்க. அவர் குரலிலேயே அந்த வாக்கியம் எனக்குள் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

போனில் மணி பார்த்தேன். ஒன்பது ஐம்பத்திரண்டு.

"அக்கா, ஒண்ணும் ஆகலையே?"

"இல்லீங்க. தலை கொஞ்சம் பாரமா இருக்குதுங்க."

"மழைல்ல, அதான். டீ குடிங்க." ஊற்றிக் கொடுத்தேன். இடது கைக்கு நீட்டியதை வலது கையால் வாங்கினார். அதையும் பார்த்தேன். "அக்கா, ரெண்டே பேருதான். யாரைப் போடலாம்?"

இரண்டு வீடியோவையும் ஓட்டினேன். திரையில் மழைத்துளி விழுந்தது, என் சட்டையால் துடைத்துத் துடைத்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். இன்னொருக்கா என்று கேட்கவில்லை.

"தாடித் தம்பியைப் போடுங்க."

நான் சிரித்துவிட்டேன். "அக்கா! நான் காட்டின ரெண்டுல அவரு இல்லவே இல்ல! அவருக்கு இந்த வாரம் லீவு!"

"லீவுங்களா" என்றார். "லீவுங்களா."

மூன்று வருஷத்தில் ஒரு தம்பியின் லீவை அவர் மறந்ததில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

"நான் கார்ல கொஞ்சம் உக்காந்துக்கறனுங்க" என்று போனார். நான் தாழ்வாரத்துக்கு ஓடும்போதே குரூப்பில் டைப் பண்ணினேன்: "பிரேக்கிங் நியூஸ்! லீவில் இருக்கும் ஆளைப் போடச் சொல்கிறார் நம் கோச். கோச்சுக்கும் இந்த வாரம் லீவு!" ஆறு பேரும் கண்ணில் நீர்வரச் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ஏதோ ஒரு குவாட்டர்பேக்கைக் குத்துமதிப்பாகத் தட்டினேன். பத்து. லாக்.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு விட்டது. அக்காவின் பெண் என்னிடம் ஓடிவந்தாள்.

"அங்கிள், சம்திங் இஸ் ராங் வித் அம்மா. ஷி இஸ் டாக்கிங் வியர்ட்."

காரில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை குழறி வந்தது. சிவா 911-ஐக் கூப்பிட்டான். ஆம்புலன்ஸில் வந்தவர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "கடைசியா எப்ப நார்மலா இருந்தாங்க? யாராவது பாத்தீங்களா?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அக்காவின் பெண்ணும் பார்த்தாள். என் கையில் போன். அதில் நான் முதலிடத்தில் இருந்தேன்.

"பத்து மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க" என்றேன். "ஜோக் அடிச்சிட்டிருந்தோம்."

அவர் எழுதிக்கொண்டார். விழுந்ததை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், விழுந்ததைப் பார்த்தும் ஏன் இரண்டு மணி நேரம் காரில் விட்டீர்கள் என்பது அடுத்த கேள்வியாக இருந்திருக்கும்.

அக்காவின் கணவர் வேலை விஷயமாக டாலஸ் போயிருந்தார். அவர் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்திருந்தேன். ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்ட்ரோக் என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு டாக்டர் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, எல்லோரிடமும் சொல்வதுபோலச் சொன்னார். என் மனைவி உமா போன் பண்ணி, "நீங்க பக்கத்துல இருந்தது எவ்ளோ நல்லதாப் போச்சு" என்றாள். சாயங்காலம் போன் அதிர்ந்தது. நான் ஜெயித்திருந்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. எனக்குப் பதிலாக சிவாவே குரூப்புக்குப் பெயர் வைத்திருந்தான்: "அக்காவுக்காக வேண்டுவோம்". அதற்குக் கீழே ஒன்பது ஐம்பத்தைந்து மணி ஜோக் அப்படியே இருந்தது, ஆறு பொம்மைகளும் சிரித்தபடி.

அத்தோடு ஆப்பை டெலீட் பண்ணிவிட்டேன் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். பண்ணவில்லை. அடுத்த ஞாயிறும் லைன்அப் போட்டேன்.

ஜனவரிக் கடைசியில் அக்கா குடும்பம் டெக்சாஸுக்குக் கிளம்பியது. டாலஸ் வேலையைக் கணவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், அங்கே அக்காவின் அண்ணன் குடும்பமும் இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் உமாவும் நானும் விடைபெறப் போனோம். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. மிச்சமிருந்தது ஒரு சோபா, அக்காவின் சாய்வு நாற்காலி, டிவி. பிளேஆஃப் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பேச்சு மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது. இடது கை மடியில் இருந்தது. இனி அந்த வேலைக்குப் போக முடியாது. அடுத்தவரைத் தாங்கிப் பிடித்து எழுப்பும் வேலை அது. அவருக்கே இப்போது ஒரு கை வேண்டியிருந்தது.

உமா டீ போட்டுக்கொடுத்தாள். பொதுவாகப் பேசினோம். திடீரென்று அக்கா கேட்டார்.

"ஏனுங்க, அன்னைக்கு நான் விழுந்தனுங்களா?"

நான் கப்பைக் கீழே வைத்தேன்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லீங்க. சுடிதாரு முட்டிகிட்ட சேறா இருந்துச்சுன்னு பாப்பா சொல்றா. நீங்கதான் அப்பப் பக்கத்துல இருந்தீங்களாமா."

"ஆமா அக்கா. லேசா தடுக்கிச்சு."

"நான் எப்படிங்க எந்திரிச்சேன்?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களைப் பற்றிக் கேட்ட கேள்வி. அவரைப் பற்றி அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் நான்தான். பதிலும் என்னிடம் இருந்தது, நாலு செகண்டும் ஃப்ரேம் ஃப்ரேமாக.

"டக்குன்னு எந்திரிச்சீங்க அக்கா" என்றேன். "டச்டவுன் போட்டவன் மாதிரி."

உமா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"கையி?"

"ரெண்டு கையும் ஊணித்தான் எந்திரிச்சீங்க. நல்லாத்தான் இருந்தாங்... இருந்தீங்க."

ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்ன அதே வாக்கியம், பழக்கத்தில் படர்க்கையிலேயே வந்துவிட்டது.

"அப்படிங்களா." வலது கையால் இடது கையை எடுத்து வேறு மாதிரி வைத்துக்கொண்டார். "அப்ப விழறப்ப ஒண்ணுமில்ல. கார்ல போய் உக்காந்தப்புறந்தான் வந்திருக்குது. கை மரத்திருக்கும், கால் இழுத்திருக்கும். நானேதான் கவனிக்காம உக்காந்திருந்திருக்கறேன். எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்றாரு, உனக்கே தெரிய வேண்டாமான்னு. ஊரு முட்டியெல்லாம் பாத்தவளுக்குத் தன் கை தெரியல பாருங்க."

சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. எதுவும் லாக் ஆகியிருக்கவில்லை. நான் பார்த்தேன் அக்கா, உங்கள் கை தரையைத் தேடியது, நான் பார்த்தேன். ஒரு நிமிஷம் பிடித்திருக்கும்.

"அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க அக்கா" என்றேன்.

"நாலு மணியாச்சு, கிளம்பலாமா?" என்றாள் உமா, எழுந்து கப்புகளை எடுத்துக்கொண்டே.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா என் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அந்தக் கண்ணுக்கு முன்னால் எப்படி எழுந்திருப்பது? தோளில் தெரியுமோ, முதுகில் தெரியுமோ, எதில் தெரியும் என்று எனக்கென்ன தெரியும்? "ரெண்டு நிமிஷம்மா" என்றேன். டிவியில் யாரோ கத்தினார்கள். குவாட்டர்பேக்கை இரண்டு பேர் சேர்ந்து சாய்த்திருந்தார்கள். அக்காவின் தலை டிவி பக்கம் திரும்பியது, விழுந்தவன் எழுந்திருப்பதைப் பார்க்க.

அந்த நாலு செகண்டில் நான் எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டேன்.

"அந்த எக்சர்சைஸ்" என்றது அக்காவின் குரல். கண் இன்னும் டிவியிலேயே இருந்தது. "பண்ணவே இல்லீங்களா?"

"பண்றேனே அக்கா."

"சோபா சத்தம் கேட்டுதுங்க" என்றார். "கையை ஊணித்தான் எந்திரிச்சீங்க."